கிளிப் கழட்டிய பிறகும் பற்கள் ஏன் நகர்கின்றன? பல் சீரமைப்பின் தந்தை எட்வர்ட் ஆங்கிளுக்குப் பிடிபடாமல் போன புதிர்

இரண்டு வருஷம் பல்லுக்கு கிளிப் போட்டு, மாதா மாதம் கம்பியை இறுக்கி, வலியைப் பொறுத்து, கடைசியில் ஒரு நாள் கிளிப்பைக் கழட்டுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் பல் வரிசை கச்சிதமாக இருக்கிறது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் டாக்டர் இன்னொரு பொருளைக் கையில் கொடுக்கிறார். அதுதான் ரிட்டெய்னர்.

இதை எத்தனை நாளைக்குப் போட வேண்டும்? பற்கள் நேராக இருக்க வேண்டும் என்று எவ்வளவு காலம் ஆசைப்படுகிறீர்களோ அவ்வளவு காலம் என்பதுதான் இன்று பெரும்பாலான நிபுணர்கள் சொல்லும் பதில். இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வருவது இயல்பு. சிகிச்சையை ஒழுங்காகச் செய்திருந்தால் பல் ஏன் மறுபடியும் நகர வேண்டும்?

நூறு வருஷத்துக்கு முன்பு இதே கோணத்தில் யோசித்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள். நவீன பல் சீரமைப்பு மருத்துவத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர். பற்கள் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்திவிட்டால், அவை அந்த இடத்தில் தாமாகவே நிலைத்து நிற்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைத்ததில் அவருடைய எதிரிகளைவிட அவருடைய மாணவர்களுக்கே பெரிய பங்கு உண்டு.

யார் இந்த எட்வர்ட் ஆங்கிள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் ஹெரிக் என்ற கிராமப்புறப் பகுதியில், 1855-ம் ஆண்டு ஜூன் 1-ம் தேதி பிறந்தார் ஆங்கிள். விவசாயக் குடும்பம். ஏழு பிள்ளைகளில் ஒருவர். சின்ன வயதிலிருந்தே கருவிகளோடு விளையாடுவதும், எதையாவது செய்து பார்ப்பதும்தான் அவருக்குப் பிடித்த வேலை.

பல் மருத்துவர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழிலைக் கற்கத் தொடங்கினார். பிறகு பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பல் அறுவை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1878-ல் பட்டம் பெற்றார். டொவாண்டா என்ற ஊரில் பல் மருத்துவராகத் தொழில் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் பல் மருத்துவர் என்றால் சொத்தைப் பல்லைப் பிடுங்குவது, பள்ளத்தை அடைப்பது, செயற்கைப் பல் கட்டுவது, அவ்வளவுதான். கோணல் பல்லை நேராக்குவது தனித் துறையே கிடையாது. ஆர்வம் இருக்கும் ஒரு சிலர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு விதமாக, தாங்களே கருவி செய்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் எங்கே இருந்தால் அது சரியான இடம் என்பதற்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை.

ஆடு வளர்க்கப் போன பல் மருத்துவர்

தொழில் தொடங்கிய சில ஆண்டுகளில் ஆங்கிளுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. நல்ல காற்று வேண்டும் என்று ஊரை விட்டுக் கிளம்பினார். 1880-களின் தொடக்கத்தில், மொன்டானா பகுதிக்குப் போய் செம்மறி ஆட்டுப் பண்ணை தொழிலில் இறங்கினார். ஆனால் கடும் பனிப்புயல் அடித்த ஒரு குளிர்காலத்தில் ஆடுகள் செத்து மடிந்தன. பண்ணைக் கனவு அதோடு முடிந்தது.

மினியாபோலிஸ் நகரத்துக்கு வந்து மறுபடியும் பல் மருத்துவத்தைக் கையில் எடுத்தார். 1886-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே, வாஷிங்டனில் நடந்த ஒன்பதாவது சர்வதேச மருத்துவ மாநாட்டில் தன்னுடைய புதிய முறையை விளக்கி ஒரு கட்டுரை வாசித்தார்.

அந்தக் கட்டுரையின் தலைப்பில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருந்தன. ஒன்று, பற்களை ஒழுங்குபடுத்துவது. இன்னொன்று, ஒழுங்குபடுத்திய பற்களை அப்படியே தக்கவைப்பது. நேராக்கினால் மட்டும் போதாது, பிடித்து வைக்கவும் வேண்டும் என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி. பற்களை நகர்த்துவதைவிட அவற்றை நகர்த்திய இடத்தில் வைத்திருப்பது பல நேரம் பெரிய சவால் என்று பின்னாளில் தன் புத்தகத்திலும் அவர் ஒப்புக்கொண்டார்.

கோணல் பல்லுக்கு மூன்று வகை

1890-களில் பொதுப் பல் மருத்துவத்தை விட்டுவிட்டு, பல் சீரமைப்பை மட்டுமே செய்வது என்று ஆங்கிள் முடிவெடுத்தார். இந்த ஒரே வேலையை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் சிலரில் அவர் முக்கியமானவர்.

1899-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை துறையையே மாற்றியது. பற்கள் எத்தனையோ விதமாகக் கோணலாக இருக்கலாம். ஆனால் அவை எல்லாவற்றையும் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம் என்றார் ஆங்கிள். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அடையாளக் கல், ஆறு வயது வாக்கில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்.

மேல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க முனை, கீழ்க் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து, மற்ற பற்கள் மட்டும் நெரிசலாகவோ திரும்பியோ இருந்தால் அது முதல் வகை. கீழ்ப் பல் வரிசை பின்னால் தள்ளி இருந்தால் இரண்டாம் வகை. மேல் முன்பற்கள் எத்துப்பல்லாகத் துருத்திக்கொண்டிருக்கும் பலர் இந்த வகையில் வருவார்கள். கீழ்ப் பல் வரிசை முன்னால் வந்து நின்றால் மூன்றாம் வகை.

இன்றைக்கும் கிளிப் போடப் போகும் ஒருவரின் கேஸ் ஷீட்டில் கிளாஸ் ஒன்று, கிளாஸ் இரண்டு என்று டாக்டர் எழுதுகிறார் என்றால், அது 1899-ல் ஆங்கிள் போட்ட கணக்குதான்.

அடுத்த ஆண்டே, அதாவது 1900-ல், செயின்ட் லூயிஸ் நகரில் பல் சீரமைப்புக்கென்றே தனிப் பள்ளி தொடங்கினார். ஏற்கெனவே பல் மருத்துவராக இருப்பவர்கள் வந்து சில வாரங்கள் தங்கிப் படித்துவிட்டுப் போகும் பள்ளி அது. இத்துறைக்கான அமெரிக்கச் சங்கமும் அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியதே. அதன் முதல் தலைவர் ஆங்கிள்.

எல்லாப் பல்லும் வேணும்: ஆங்கிளின் கொள்கை

வாயில் இடம் இல்லாமல் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் என்ன செய்வது? இரண்டு வழிதான். ஒன்று, சில பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்கலாம். இல்லாவிட்டால், பல் வரிசையின் வளைவையே அகலப்படுத்தி எல்லாப் பற்களையும் உள்ளே கொண்டுவரலாம்.

ஆங்கிள் தொடக்க காலத்தில் பல் எடுப்பதை முழுசாக ஒதுக்கவில்லை. அவருடைய ஆரம்பகாலப் பதிப்புகளில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் போகப் போக மனம் மாறினார். 1907-ல் வெளியான அவருடைய புத்தகத்தின் ஏழாவது பதிப்பில், ஒரு பல்லைக்கூட இழக்கக் கூடாது என்ற கொள்கையில் உறுதியாக நின்றார்.

அவருடைய வாதம் இதுதான். மனிதனுக்கு இயற்கை கொடுத்த பற்கள் அத்தனையும் வாயில் இருந்து, சரியாகப் பொருந்தினால்தான் முகமும் அழகாக இருக்கும். அப்படியானால் இடம்? அதற்கு அவர் ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃபின் கண்டுபிடிப்பைத் துணைக்கு அழைத்தார். எலும்பின் மீது விழும் அழுத்தத்துக்கு ஏற்ப எலும்பு தன் உள் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று வோல்ஃப் சொல்லியிருந்தார்.

ஆங்கிள் இதைப் பல்லுக்குப் பொருத்திப் பார்த்தார். பற்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், மென்று சாப்பிடும் விசையிலேயே அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்துவிடும். எலும்பு வளர்ந்துவிட்டால் பல் எங்கேயும் போகாது. அதுவரைக்கும் கொஞ்ச காலம் ஒரு பிடிமானம் கொடுத்தால் போதும். அதற்காகப் பல்லைச் சுற்றி உலோகப் பட்டையும், அதில் பற்றவைத்த சிறு முளைகளும் அவர் பயன்படுத்தினார்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், பல் மறுபடியும் நகர்ந்துவிட்டது என்றால் தவறு மருத்துவருடையது. பொருத்தம் சரியில்லை, அதனால்தான் நகர்ந்தது என்று முடிவாகிவிடும்.

1911-ல் வெடித்த சண்டை

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சிகாகோவைச் சேர்ந்த கால்வின் கேஸ் என்ற மருத்துவர் நேரடியாக எதிர்த்தார். தாடையின் அளவும் பல்லின் அளவும் பரம்பரையாக வருபவை, வளைவை அகலப்படுத்தி எல்லாப் பற்களையும் திணித்தால் முகமும் கெடும், பற்களும் நிலைக்காது, சிலருக்குப் பல் எடுத்தே ஆக வேண்டும் என்பது கேஸின் நிலைப்பாடு.

1911-ல் தேசியப் பல் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் இந்த விவகாரம் பெரிய விவாதமாக வெடித்தது. ஆங்கிளின் மாணவரான மார்ட்டின் டூயி, பல் எடுக்கக் கூடாது என்ற தரப்புக்காக வாதாடினார்.

அன்றைக்கு யார் சொன்னது நியாயம் என்பது வேறு விஷயம். நடைமுறையில் ஜெயித்தது ஆங்கிளின் பக்கம். முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில், சீரமைப்புக்காகப் பல் எடுப்பது அமெரிக்காவில் கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஆங்கிள் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை என்ற நிலை.

இதற்கிடையில் வந்த ஹாலி பிளேட்

கொள்கைச் சண்டை ஒரு பக்கம் நடக்க, கிளினிக்கில் இருந்தவர்களுக்கு வேறு கவலை. நேராக்கிய பல்லை எப்படிப் பிடித்து வைப்பது?

வாஷிங்டனைச் சேர்ந்த சார்லஸ் ஹாலி என்ற மருத்துவர், கழட்டி மாட்டும் ரிட்டெய்னர் ஒன்றை 1919-ல் விளக்கி எழுதினார். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் ஒரு தகடு. முன்பற்களின் வெளிப்பக்கத்தை அணைத்துப் பிடிக்கும் ஒரு கம்பி. இவ்வளவுதான் அதன் அமைப்பு. அந்தக் காலத்தில் தகட்டுக்குக் கெட்டி ரப்பர் பயன்பட்டது. பிறகு அக்ரிலிக் வந்தது.

நூறு வருஷம் தாண்டியும் ஹாலி ரிட்டெய்னர் என்ற அதே பெயரில், பெரிய மாற்றம் இல்லாமல் இன்றும் உலகம் முழுக்க இது பயன்பாட்டில் இருக்கிறது. பல் தானாக நிற்கும் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த அதே காலத்தில்தான், அது நிற்காமல் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கான கருவியும் பிறந்தது.

பசடீனாவும் கடைசிக் கண்டுபிடிப்பும்

ஆங்கிள் 1908-ல் ஆனா ஹாப்கின்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய செயலாளராக இருந்து, பிறகு பல் மருத்துவமும் படித்தவர் ஆனா. மாணவர்களுக்கு அவர் மதர் ஆங்கிள். பாடம் நடத்துவதிலும் எழுதுவதிலும் கணவருக்கு வலது கையாக இருந்தார்.

பின்னர் தம்பதி கலிபோர்னியாவில் உள்ள பசடீனாவில் குடியேறினார்கள். ஓய்வு எடுக்கலாம் என்று போனவரைத் தேடி மாணவர்கள் அங்கேயும் வந்தார்கள். வீட்டிலேயே மறுபடியும் வகுப்பு தொடங்கியது. பழைய மாணவர்கள் சேர்ந்து 1920-களில் அவருக்கு ஒரு கல்லூரிக் கட்டடமே எழுப்பிக் கொடுத்தார்கள்.

கருவிகளில் ஆங்கிளின் மூளை கடைசி வரை ஓயவில்லை. வளைவுக் கம்பி, ஊசியும் குழலும், ரிப்பன் போன்ற பட்டைக் கம்பி என்று ஒன்றன் பின் ஒன்றாக மேம்படுத்திக்கொண்டே வந்தார். கடைசியாக, எழுபது வயதை நெருங்கும்போது உருவாக்கியதுதான் எட்ஜ்வைஸ் முறை. பல்லின் மேல் ஒட்டும் சின்னப் பிராக்கெட்டில் ஒரு செவ்வகப் பள்ளம். அதற்குள் செவ்வகக் கம்பி. இதனால் பல்லை முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்தவும், வேரைத் திருப்பவும் முடிந்தது.

அந்தப் பள்ளத்துக்கு அவர் வைத்த அளவு 0.022 அங்குலத்துக்கு 0.028 அங்குலம். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்று பொருத்தப்படும் பல பிராக்கெட்டுகளில் இதே அளவு அப்படியே தொடர்கிறது. கிளிப் போட்டிருக்கும் கோடிக்கணக்கானவர்களின் வாயில் ஆங்கிளின் கடைசி வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

1930-ம் ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி, கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில், 75-வது வயதில் ஆங்கிள் காலமானார். அடுத்த ஆண்டு அவர் பெயரிலேயே ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. அது இன்றும் வெளிவருகிறது.

குருவின் கொள்கையைச் சோதித்த மாணவர்

ஆங்கிளின் கடைசிக் காலத்தில் அவருக்கு நெருக்கமாக இருந்தவர் சார்லஸ் ட்வீட். எட்ஜ்வைஸ் கட்டுரையை வெளியிட உதவியவர். அரிசோனாவுக்குப் போய், குரு சொன்னபடி அந்த முறையை மட்டுமே பயன்படுத்தித் தொழில் செய்தார். ஒரு பல்லைக்கூட எடுக்கவில்லை.

சில ஆண்டுகள் போயின. சிகிச்சை முடிந்தவர்கள் திரும்பி வந்தபோது ட்வீட்டுக்கு மனசு கேட்கவில்லை. பலருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடியும் நெருக்கியடித்திருந்தன. இன்னும் சிலருக்கு எல்லாப் பற்களையும் உள்ளே அடக்கியதில் வாயே முன்னுக்குத் தள்ளியிருந்தது. குரு சொன்னதைத் துல்லியமாகச் செய்தும் இப்படி என்றால், தவறு தன் கைவேலையிலா அல்லது கொள்கையிலா?

இந்தக் கேள்விக்கு ட்வீட் தேர்ந்தெடுத்த வழி லேசானதல்ல. தோற்றுப்போன கேஸ்களை மூடி மறைக்காமல், அதே நோயாளிகளை மறுபடியும் கூப்பிட்டார். நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு, காசு வாங்காமல் மறு சிகிச்சை கொடுத்தார். ஒரே ஆளுக்கு, பல் எடுக்காமல் கிடைத்த பலனையும், எடுத்த பிறகு கிடைத்த பலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

1940-ல் அப்படிப்பட்ட நூறு பேரின் விவரங்களைச் சக மருத்துவர்கள் முன்னால் வைத்தார். ஆங்கிளின் விசுவாசிகள் கொதித்துப்போனார்கள். ட்வீட் துரோகியாகப் பார்க்கப்பட்டார். ஆனால் அச்சுகளும் படங்களும் பொய் சொல்லவில்லை. தேவைப்பட்டால் பல் எடுக்கலாம் என்ற நிலைக்கு அமெரிக்கா மெல்ல மெல்லத் திரும்பியது.

ட்வீட் மட்டுமல்ல. பசடீனாவில் ஆங்கிளிடம் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குத் திரும்பிய ரேமண்ட் பெக்கும் இதே முடிவுக்கு வந்து, 1920-களின் கடைசியிலேயே பல் எடுத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கியிருந்தார். இருவருக்கும் அப்போது ஒருவர் முடிவை இன்னொருவர் சொல்லித் தரவில்லை. இருவருக்கும் சொல்லித் தந்தது, திரும்பி வந்த நோயாளிகளின் பற்கள்.

அப்போ பல் எடுத்தால் நகராதா?

கதை இதோடு முடிந்திருந்தால் ஆங்கிள் தோற்றார், கேஸ் ஜெயித்தார் என்று எழுதிவிடலாம். ஆனால் அடுத்த அடி, பல் எடுக்கும் தரப்புக்கும் விழுந்தது.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சிகிச்சை முடிந்து ரிட்டெய்னரையும் விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களைத் திரும்ப வரவழைத்து, அவர்களின் பல் அச்சுகளைச் சேகரித்தார்கள். ராபர்ட் லிட்டிலும் அவருடைய சகாக்களும் 1981-லும் 1988-லும் வெளியிட்ட ஆய்வுகள் துறையை உலுக்கின. இவர்கள் எல்லோரும் நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்றவர்கள்.

ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து ஆண்டுகள் ஆனபோது, கீழ் முன்பற்களின் வரிசை திருப்தியாக இருந்தது 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான். இருபது ஆண்டுகளில் அது சுமார் 10 சதவீதமாகச் சரிந்தது. ஆய்வில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். யாருக்கு நகரும், யாருக்கு நகராது என்று முன்கூட்டியே சொல்ல உதவும் நம்பகமான அறிகுறி எதுவும் அதில் கிடைக்கவில்லை.

ஆக, பல் எடுக்காமல் செய்தாலும் நகர்கிறது. எடுத்துச் செய்தாலும் நகர்கிறது. அதற்குப் பிறகுதான், ரிட்டெய்னரை நீண்ட காலம் தொடர்வது என்பது நிபுணர்களின் பொதுவான அறிவுரையாக மாறியது. பிரிட்டனின் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் 2017-ல் இதற்காகவே தனி விழிப்புணர்வுப் பிரசாரம் தொடங்கியது.

பற்கள் ஏன் நகர்கின்றன?

பல் என்பது சுவரில் அடித்த ஆணி இல்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த் திசு இருக்கிறது. பல் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிளிப் அழுத்தும்போது ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புது எலும்பு உருவாகிறது. பல் நகர முடிவதே இதனால்தான். அதே வழியாகத் திரும்பி வரவும் முடிவது இதனால்தான்.

வேரைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். ஈறில் உள்ள நார்கள் இன்னும் மெதுவானவை. நார்வே ஆராய்ச்சியாளர் கோரே ரைடன், நாய்களின் பற்களைத் திருப்பி வைத்துச் சோதித்தபோது, 232 நாட்கள் கழித்தும் ஈறின் நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்ததைக் கண்டார். இழுத்துவிட்ட ரப்பர் பேண்ட் போல அவை பல்லைப் பழைய பக்கத்துக்கு இழுக்கின்றன. திருகி இருந்து நேராக்கிய பற்கள் சீக்கிரம் திரும்புவதற்கு இது முக்கியக் காரணம். ஆங்கிள் எலும்பைக் கணக்கில் எடுத்தார். ஈறின் இந்தப் பிடிவாதம் தெரியவந்தபோது அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டாவது காரணம், நாக்கு, உதடு, கன்னம். இவை ராத்திரி பகலாகப் பற்களை உள்ளேயும் வெளியேயும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கின்றன. பற்களை அந்தச் சமநிலைக்கு வெளியே தள்ளி வைத்தால், அவை மெல்ல மெல்ல உள்ளே வரப் பார்க்கும்.

மூன்றாவது, வயது. இதுதான் பலருக்கும் தெரியாதது. வாழ்நாளில் கிளிப்பே போடாதவர்களுக்கும் இருபது, முப்பது, நாற்பது வயதுகளில் கீழ் முன்பற்கள் நெருக்கமாகிக்கொண்டே போகின்றன. தலைமுடி நரைப்பது போல இதுவும் ஒரு வயது மாற்றம். அப்படியானால் சிகிச்சை தோற்றதால் மட்டுமே பல் நகர்கிறது என்று சொல்ல முடியாது. ஞானப்பல் முளைத்துத் தள்ளுவதால்தான் முன்பற்கள் நெரிகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

ரிட்டெய்னர்: என்ன வகை, எவ்வளவு காலம்?

இன்று மூன்று வகை ரிட்டெய்னர்கள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன ஹாலி தகடு. இரண்டாவது, பல் வரிசை மேல் உறை போல உட்காரும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ரிட்டெய்னர். மூன்றாவது, முன்பற்களின் உள்பக்கம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி. இதில் எது மற்றதைவிட நிச்சயமாகச் சிறந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. வாயின் நிலை, பழக்கவழக்கம், பல் எப்படி இருந்தது என்பதைப் பார்த்து டாக்டர் முடிவெடுப்பார்.

பொதுவாக முதல் சில மாதங்கள் அதிக நேரமும், பிறகு தூங்கும்போது மட்டும் என்றும் அணியச் சொல்வார்கள். உங்கள் கேஸுக்கு எவ்வளவு நேரம் என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில நாட்கள் விட்டுவிட்டுப் போடும்போது ரிட்டெய்னர் இறுக்கமாக இருந்தால், பல் லேசாக நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். உட்காரவே இல்லை என்றால் பல்லால் கடித்து அழுத்தி மாட்டக் கூடாது. டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. பிளாஸ்டிக் ரிட்டெய்னரை வெந்நீரில் கழுவினால் வடிவம் கெட்டுவிடும். வருஷக்கணக்கில் போடும்போது அது தேயும், விரியும், உடையும். புதிது செய்துகொள்ள வேண்டியதுதான்.

உள்ளே கம்பி ஒட்டியிருப்பவர்கள், அது இருக்கிறது என்ற தைரியத்தில் பரிசோதனைக்குப் போகாமல் விடக் கூடாது. ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் வெளியே தெரியாது. பல் நகரத் தொடங்கிய பிறகுதான் தெரியும். கம்பி வளைந்துவிட்டால் அதுவே பல்லைத் தள்ளவும் செய்யலாம். கம்பியைச் சுற்றிக் கரை படிவதால் சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை.

ஏற்கெனவே ரிட்டெய்னரை விட்டு வருஷங்கள் ஆகி, பல் கொஞ்சம் நகர்ந்திருந்தால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பல் பழைய நிலைக்கே முழுசாகத் திரும்பிவிடுவதில்லை. இப்போது இருக்கும் நிலையை அப்படியே பிடித்து வைக்கலாமா, மறுபடியும் சிறு சிகிச்சை வேண்டுமா என்பதை நிபுணரிடம் பேசி முடிவு செய்யலாம்.

ஆங்கிள் தோற்றாரா?

பல்லை எப்படி வகைப்படுத்துவது, எங்கே கொண்டுபோய் நிறுத்துவது, எந்தக் கருவியால் நகர்த்துவது ஆகிய மூன்று கேள்விகளுக்கு ஆங்கிள் கொடுத்த பதில்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நான்காவது கேள்வியில்தான் அவர் கணக்கு தப்பியது. சரியான பொருத்தம் வந்துவிட்டால் பல் நிரந்தரமாக நின்றுவிடும் என்று அவர் நம்பினார். உயிருள்ள எலும்பும் ஈறும் நாக்கும் அப்படி ஒரு வாக்குறுதியை யாருக்கும் கொடுக்கவில்லை.

அவருடைய மேதைமைக்கு இது குறையல்ல. எலும்பு மாறக்கூடியது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பற்களை நகர்த்தினார். பல் நேரான பிறகும் அந்த மாற்றம் நிற்காது என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. கிளிப் கழட்டும் நாளில் டாக்டர் கொடுக்கும் சின்னப் பெட்டியில் இருப்பது, அவர் மாணவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம். அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினால், செலவழித்த இரண்டு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கிவிடும்.